கழட்டு அக்காவும் ஒரு வெள்ளைக் கட்டியும்

அப்பா அம்மா ஆசையாக வைத்த பேர் ஒன்று அவளுக்கு இருந்தது. ஸ்கேன் சென்டரில் அதை யாரும் சீண்டவில்லை. வாட்ச்மேன் முதல் டாக்டர் வரை எல்லாருக்கும் அவள் கழட்டு அக்காதான். எம்.ஆர்.ஐ. மெஷின் இருக்கிற காந்த அறைக்குள் பொட்டு இரும்பு போகக்கூடாது. அதனால் நாள் முழுக்க "வாட்ச்சைக் கழட்டுங்க, தோட்டைக் கழட்டுங்க, பெல்ட்டைக் கழட்டுங்க" என்பதுதான் வேலை. "இத்தனை வருஷமா அங்க என்னத்தைக் கழட்டின?" என்று புருஷன் வம்புக்கு இழுத்தால், "போலீஸ்காரர் பெல்ட்டையே கழட்டியிருக்கேன், நீ எம்மாத்திரம்?" என்பாள்.

ஸ்கேன் படம் பார்க்க அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அவளாகவே ஒரு சட்டம் போட்டுக்கொண்டாள்: வெள்ளையாகத் தெரிந்தால் ஆபத்து. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பெரியவரின் மூளைப் படத்தில் வெள்ளைத் திட்டு தெரிந்தது. டாக்டர் முகம் சுண்டிப்போனது. அன்றே ஆளைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அதிலிருந்து, யார் படத்திலாவது வெள்ளையாக எதையாவது பார்த்துவிட்டால், அவருக்கு நாற்காலி இழுத்துப் போடுவாள், செருப்பை எடுத்துக் காலடியில் வைப்பாள். ஏன் என்று கேட்டால் முறைப்பாள்.

இன்றைக்கு உள்ளே படுத்திருந்தது அவள் தம்பி. டைல்ஸ் ஒட்டுகிறவன். தோள்பட்டைக்குப் பின்னால் எலுமிச்சம்பழம் மாதிரி ஒரு கட்டி. "பெட்டி தூக்கினதுல வீங்கியிருக்கும்" என்று மாசக்கணக்கில் டிமிக்கி கொடுத்தவனைத் தரதரவென்று இழுத்து வந்திருந்தாள்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஆபரேட்டர் பொண்ணு பொத்தானைத் தட்டினாள். தகரக் கொட்டகைமேல் கல்லெறிந்த மாதிரி மெஷின் தடதடத்தது. முதல் படம் வந்தது.

கட்டி ட்யூப்லைட் மாதிரி பளீரென்று எரிந்தது.

கழட்டு அக்கா தடுமாறினாள். மேஜையைப் பிடித்தாள். அது சக்கர மேஜை, அவளையும் இழுத்துக்கொண்டு நகர்ந்தது.

"போச்சு. எல்லாம் போச்சு."

"என்னக்கா போச்சு?"

"மறைக்காதடி. அவ்வளவும் வெள்ளையா இருக்கே!"

"ரிப்போர்ட்டை டாக்டர்தான் சொல்லணும். ஆனா நீங்க விழுந்தா உங்களையும் உள்ள தள்ளி ஸ்கேன் எடுக்கணும், அதனால கேளுங்க. வெள்ளைன்னா நோய்னு யாரு சொன்னா? மெஷின் உடம்பை ஒரு தட்டு தட்டுது. உள்ள இருக்கறது பதிலுக்குக் கத்துது. எது சத்தமாக் கத்துதோ அது வெள்ளை, கம்முனு கெடந்தா கருப்பு. இந்தப் படத்துல கொழுப்புதான் கத்தும். வேற மாதிரி எடுத்தா தண்ணி கத்தும். தோலுக்கு அடியில வெள்ளையா ஒரு பட்டை ஓடுது பாருங்க. அதுவும் நோயா?"

அது எல்லார் படத்திலும் ஓடுகிற பட்டை. அதை அவள் ஒருநாளும் கணக்கில் சேர்த்ததில்லை.

"அப்போ… மூளையில வெள்ளையா வந்தா?"

"அது தண்ணி கத்தற படமா இருக்கும். வீங்கின இடத்துல நீர் கோத்துக்கும்ல?"

ஒரு அதிர்ச்சியே தாங்கவில்லை, அதற்குள் இரண்டாவது வந்து உட்கார்ந்தது. அப்படியானால் இத்தனை நாளாக யார் யாருக்காகவோ மனசுக்குள் அழுதிருக்கிறாள். கருப்பாகத் தெரிந்தவர்களை "எல்லாம் சரியாயிடும், கெளம்புங்க" என்று சிரித்து அனுப்பியிருக்கிறாள்.

"இப்போ கொழுப்பை மட்டும் வாயை மூட வைக்கப் போறேன். அப்பவும் கட்டி வெள்ளையாவே இருந்தாதான் யோசிக்கணும்."

மறுபடி தடதடப்பு. கழட்டு அக்கா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். சத்தம் நின்ற பிறகும் திறக்கவில்லை.

"அக்கா, பாருங்க."

தோலுக்கு அடியில் ஓடிய பட்டை கருப்பாகியிருந்தது. கட்டியும் கருப்பு. பல்பு ஃப்யூஸ் போன மாதிரி.

டாக்டர் வந்து படங்களை ஒவ்வொன்றாக நகர்த்தினார். "முழுக்கக் கொழுப்பு. சந்தேகப்படும்படி எதுவும் இல்ல. உறுத்தினா எடுத்துடலாம்."

"இன்னொரு தடவை சொல்லுங்க சார்."

சொன்னார். மூன்றாவது தடவையும் கேட்டாள். டாக்டர் எழுந்து போய்விட்டார்.

தம்பி சட்டையை மாட்டிக்கொண்டே வந்தான். "ஏன்க்கா பேயறைஞ்ச மாதிரி நிக்கற?"

நல்ல தோளாகப் பார்த்து ஒன்று வைத்தாள். "உனக்குக் கொழுப்புடா!"

"இதைச் சொல்ல மெஷின் எதுக்கு? வீட்டுலயே தினமும் சொல்றியே."

சிரித்தவன் அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்ததும் நிறுத்தினான். "எனக்கு ஏதோ ஆயிடுச்சுன்னு நெனச்சியா?"

அவன் சட்டைப் பொத்தானைப் போட ஆரம்பித்தாள். ஒரு ஓட்டை தள்ளிப் போய்விட்டது. அவன் திருத்தவில்லை. கோணல் சட்டையோடு, அவள் முடிக்கிறவரை, சின்னப் பிள்ளை மாதிரி நின்றான்.