நரிக்குடிப் பக்கம் தூக்கம் தேடி

மதுரையில் பஸ் ஏறும்போதே முடிவு செய்துவிட்டேன்: தூங்கப் பழகாமல் திரும்புவதில்லை. பதினோரு வருடமாக இரவுப் பணி பார்க்கும் நர்ஸ் நான். போன வாரம் விடிகாலையில் கண் சொக்கி, ஒரு நோயாளியிடம் பக்கத்துக் கட்டில்காரரின் மாத்திரையை நீட்டிவிட்டேன். "இது எனக்கில்லம்மா" என்று அவரே சொன்னதால் தப்பித்தோம். மறுநாளே டாக்டரிடம் போய் நின்றேன். "உடம்புக்குள்ள இருக்கிற கடிகாரம் வெளிச்சத்தப் பாத்துத்தான் ஓடும். பத்து நாள் காலை வெயில்ல நட, ராத்திரி இருட்டுல படு" என்றார் டாக்டர்.

மாலை 4.10, அருப்புக்கோட்டை. திருச்சுழி வழியாக நரிக்குடி பஸ். வழியெல்லாம் கரிசலும் பருத்தியும் சீமைக்கருவேலமும். நரிக்குடியிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு ஷேர் ஆட்டோவில் இருபது ரூபாய். "கரண்டு போச்சுன்னா எங்கூர்ல நம்ம கையே நமக்குத் தெரியாதும்மா" என்று எச்சரித்தார் ஆட்டோக்காரர். எனக்கோ வாயெல்லாம் பல்.

என்னோடு வேலை பார்க்கும் செல்வியின் அண்ணன் வீட்டில் தங்கல். ஓட்டு வீடு, எட்டு மணிக்கெல்லாம் படுத்துவிடுகிறார்கள். ஆனால் என் அறையில் மட்டும் கண் கூசும் புது டியூப் லைட்! "டவுனுல இருந்து வாரீக, இருட்டுல பயந்துருவீகன்னு நரிக்குடியில வாங்கியாந்து மாட்டுனேன்" என்றார் அண்ணன். சுவிட்ச் அவர்கள் அறையில். ஆசையாக மாட்டியதை அணைக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இரண்டு இரவும் போர்வைக்குள் முகத்தைப் புதைத்துப் புழுங்கினேன்.

மூன்றாம் நாள், காலை 6.40. அண்ணன் மனைவி கண்மாய்க்கரைக்கு ஆடு ஓட்டிப் போனார், கூடவே நடந்தேன். வெயில் நேராக முகத்தில் விழுந்தது. எனக்கும் கொட்டாவி, அவருக்கும் கொட்டாவி. இனியும் மரியாதை பார்த்தால் வந்த வேலை நடக்காது என்று, "மதினி, அந்த லைட்டு வேண்டாம்" என்று உடைத்துச் சொல்லிவிட்டேன்.

"அட தாயி! நடுச்சுவரு ஓடு வரைக்குமா இருக்கு? வெளிச்சம் அம்புட்டும் எங்க மூஞ்சியிலதான். நீங்க பயப்படக் கூடாதேன்னு அவுகளும் நானும் ரெண்டு நாளாப் பொட்டுத் தூக்கமில்லாமக் கெடக்கோம்!"

சிரித்த சிரிப்பில், இரண்டு ஆடுகள் பருத்திக்குள் இறங்கியதைக்கூட நாங்கள் கவனிக்கவில்லை.

அன்று எட்டு மணிக்கு விளக்கு அணைந்தது. அதற்காகத் தூக்கம் ஓடி வந்துவிடவில்லை. நான்கு இரவு கூரையை வெறித்தபடி கிடந்தேன். மதினியிடம் கொடுத்துவைத்த செல்போனைத் திருப்பிக் கேட்காமலிருப்பது பெரும்பாடாக இருந்தது. காலை வெயிலை மட்டும் ஒரு நாளும் விடவில்லை. ஏழாம் நாள் இரவு, படுத்ததுதான் தெரியும். கண் விழித்தபோது ஆடுகள் கத்திக்கொண்டிருந்தன. சந்தோஷத்தில் அழுதுவிட்டேன்.

பத்தாம் நாள், காலை 9.15. திரும்பும் பஸ்ஸில் தலைமை நர்ஸின் போன். "அடுத்த மாசமும் முழுக்க நைட்டு உனக்குத்தான்."

"பாதி மாசம் பாக்கிறேன். மீதிக்கு எல்லாரும் முறை வச்சு வரட்டும்."

"இத்தனை வருஷமா இல்லாம இப்ப என்ன புதுசா?"

"தூக்கம் கெட்ட கையால இனி யாருக்கும் மருந்து குடுக்க மாட்டேன், மேடம்."

போனைக் காதிலிருந்து எடுக்காமல், பதிலுக்குக் காத்திருந்தேன்.