புளிசாதம் தின்ற தொட்டி

எங்கள் தொழிலில் வேலை செய்கிறவர்கள் யாரும் கண்ணுக்குத் தெரியமாட்டார்கள். வேலை நின்றால் மட்டும் மூக்குக்குத் தெரியும். கிரிவலப் பாதையில் ஓர் அன்னதானக் கூடத்தில், மிஞ்சிய சாப்பாட்டிலிருந்து அடுப்புக்குக் கேஸ் எடுக்கும் தொட்டியை நான் பார்த்துக்கொள்கிறேன். படித்தது பி.எஸ்சி. வேதியியல், கையில் இருப்பது சாண வாசனை. ஹாஸ்டலிலோ கல்யாண மண்டபத்திலோ இதேபோல ஒரு தொட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் சகோதர சகோதரிகளே, என் கஷ்டம் உங்களுக்குத்தான் புரியும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தொட்டி வருவதற்கு முன்னால் இந்த மிச்சமெல்லாம் டிராக்டரில் ஏறி, அடி அண்ணாமலையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஏரிக்கால்வாயில்தான் இறங்கியது. எங்கள் தெருக் கிணற்றுத் தண்ணீரை வாயில் வைக்க முடியாமல் இருந்தது. இப்போதுதான் கொஞ்சம் தெளிந்திருக்கிறது. தொட்டி நின்றால் டிராக்டர் திரும்ப எங்கள் தெருவுக்குத்தான் வரும். அதனால் எனக்கு இது சம்பளத்துக்குப் பார்க்கும் வேலை மட்டும் இல்லை.

செயலாளரின் கணக்கு

கூடத்தின் செயலாளர் நல்ல மனிதர். ரிடையர் ஆகியும் கணக்குப் போடுவதை மட்டும் விடாதவர். தொட்டி ஓடத் தொடங்கிய புதிதில் ஒருநாள் சமையல்கட்டுக்கு வந்தார். "மிச்ச சோறு கேஸாகுது. கேஸ்ல சோறாக்குறோம். அதுல மிஞ்சினது திரும்ப கேஸாகுது. அப்ப இனிமே சிலிண்டரே வேணாம்ல?" என்றார்.

ஆற்றல் அழியாது சார், ஆனால் செலவானது முழுசாகக் கைக்குத் திரும்பாது என்று விளக்கினேன். சோற்றில் இருந்ததில் முக்கால்வாசி சாப்பிட்டவர்களோடு மலையைச் சுற்றப் போய்விடுகிறது. மிஞ்சியதில் கிருமிகள் தங்கள் பங்கை எடுத்துக்கொள்கின்றன. எரிக்கும்போதும் அண்டாவுக்குள் போகாமல் சமையல்கட்டைச் சூடாக்கிவிட்டுப் போவது ஜாஸ்தி. பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த சமையல் மாஸ்டர் தனபால் துண்டால் நெற்றியைத் துடைத்தார். "அப்ப நான் தெனம் தொடைக்கிற வேர்வையும் அந்தக் கேஸ்தானா சுமதிம்மா?"

மார்கழிப் பௌர்ணமி

அன்னதானத்தில் அண்டா காலியாகக் கூடாது. கடைசி ஆள் சாப்பிட்ட பிறகும் மிஞ்சினால்தான் போட்டவருக்குக் கௌரவம். போன மார்கழிப் பௌர்ணமிக்கு எல்லாக் குழுவும் கௌரவமாகவே சமைத்துவிட்டார்கள். புளிசாதம், லெமன் சாதம், தயிர்சாதம் மூன்றும் டிரம் டிரம்மாக மிஞ்சின. மறுநாள் காலை நான் போவதற்குள் அத்தனையும் தொட்டிக்குள் போய்விட்டிருந்தது.

உங்களுக்குத் தெரியும், தொட்டிக்குள் கிருமிகளில் இரண்டு கோஷ்டி. முதல் கோஷ்டி சோற்றைப் புளிக்கவைத்து அமிலமாக்கும். இரண்டாவது கோஷ்டி அந்த அமிலத்தைத் தின்று கேஸ் விடும். முதல் கோஷ்டி பறக்கும், இரண்டாவது கோஷ்டி ஆடி அசைந்து வரும்; மார்கழிக் குளிரில் அதற்கு இன்னும் சோம்பல். இதில் ஏற்கெனவே புளித்ததை வேறு கொட்டியிருக்கிறார்கள். ஏன் கொட்டினீர்கள் என்று மாஸ்டரைக் கேட்டேன். "வீணாப் போவுதேனுதாம்மா. அதுவும் ஒரு வயிறுதானே?"

தொப்பி ஏறியது, தீ ஏறவில்லை

தொட்டியின் தலையில் ஓர் இரும்புத் தொப்பி மிதக்கும். கேஸ் சேரச் சேர அது மேலே ஏறும். அடுத்த நாள் தொப்பி நன்றாக ஏறியிருந்தது. பார்த்தீர்களா என்று செயலாளர் சிரித்தார். அடுப்பைப் பற்றவைத்தோம். தீ மேலே துள்ளி, பர்னரை விட்டு விலகி, அணைந்தது. திரும்பப் பற்றவைத்தோம், திரும்ப அணைந்தது. தொப்பிக்குள் இருந்ததில் பெரும்பகுதி கரியமிலவாயு; அது எப்படி எரியும்? தொட்டிக் கரைசலில் நனைத்த, அமிலம் காட்டும் பேப்பர் பச்சையில் நிற்பதற்குப் பதில் மஞ்சளைத் தாண்டி ஆரஞ்சுக்குப் போனது.

கேஸ் கம்மியானால் தீனியை ஜாஸ்தி பண்ணு என்றார் செயலாளர். அங்கேதான் கண்ணி. அமிலம் ஏறினால் கேஸ் விடும் கோஷ்டி படுத்துவிடும். அது படுத்தால் அமிலத்தைத் தின்ன ஆளில்லை, இன்னும் ஏறும். மேலே சோற்றைப் போட்டால் அந்தச் சுற்று இன்னும் வேகமாகச் சுற்றும். ஒரு மாதம் பொறுங்கள் என்று கெஞ்சினேன். அதற்குள் தெருவெல்லாம் புளித்த வாடை. செயலாளர் மூக்கைப் பிடித்துக்கொண்டே சொன்னார்: "தை பௌர்ணமிக்கு இந்த அடுப்பு எரியணும். இல்லன்னா மண்ணப் போட்டு மூடிட்டு, டிராக்டர்காரனுக்கு நானே போன் பண்ணுவேன்."

ஏணி

அந்த வாரமே செயலாளருக்கு ஒரு குறுக்கு வழி தோன்றியது. தொட்டியை அள்ளிக் காலி செய்துவிட்டுப் புதிதாகத் தொடங்கலாம் என்று வேங்கிக்கால் பக்கமிருந்து ஓர் ஆளைக் கூட்டிவந்துவிட்டார். நான் போனபோது தொப்பியைக் கயிறு கட்டித் தூக்கிவிட்டிருந்தார்கள். ஏணி உள்ளே இறங்கியிருந்தது. அந்த ஆள் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு காலை முதல் படியில் வைத்திருந்தார்.

ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தேன். அழுகிய முட்டை நாற்றம் தெரிகிறவரைக்கும் மனிதனுக்கு எச்சரிக்கை இருக்கிறது. அந்த விஷவாயு ஜாஸ்தியானால் நாற்றமே தெரியாது, ஆள் விழுவதுதான் தெரியும், தூக்க இறங்குகிறவரும் விழுவார் என்று கத்தினேன். "தொட்டிய மூடினா மூடிக்கோங்க சார், எங்க கிணறு நாறினா நாறட்டும், ஆள எறக்காதீங்க!" செயலாளர் முகம் வெளுத்துப்போனது. ஏணியை அவரே வெளியே இழுத்தார்; தொப்பியைத் திரும்ப இறக்கினார்கள். அந்த ஆள் லுங்கியை இறக்கிவிட்டுக்கொண்டு சொன்னார்: "எறங்குனு சொன்னவங்களத்தான் பார்த்திருக்கேன். எறங்காதேனு சொன்ன மொத ஆளு நீங்கதாம்மா."

பட்டினி வைத்தியம்

லங்கணம் பரம ஔஷதம். ஒரு பருக்கை போடக் கூடாது என்று கட்டளை போட்டேன். சுண்ணாம்பைக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டேன். மொத்தமாகக் கொட்டினால் அதுவும் ஆபத்து. கீழ்பென்னாத்தூரில் சித்தப்பா வீட்டுத் தொழுவத்திலிருந்து பச்சைச் சாணம் கொண்டுவந்து கரைத்து ஊற்றினேன். செத்த கோஷ்டிக்குப் பதில் புது கோஷ்டி வேண்டுமே. கூடத்தில் அன்றாடம் மிஞ்சியதைப் பக்கத்து மாட்டுக்காரர் எடுத்துப் போனார்.

பேப்பர் ஆரஞ்சிலிருந்து மஞ்சளுக்கு வந்தது. ஒருநாள் அடுப்பில் சுண்டுவிரல் உயரத்துக்கு நீலத் தீ நின்றது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் அந்த வாரம் முடிவதற்குள் தீ மறுபடி துள்ளி அணைந்தது. பேப்பர் மறுபடி ஆரஞ்சு. சாணம் சரியில்லையா, சுண்ணாம்பு போதவில்லையா? தலையைப் பிய்த்துக்கொண்டேன். பௌர்ணமி நெருங்கிக்கொண்டிருந்தது. மதிலுக்கு அந்தப் பக்கம் டீக்கடை வைத்திருக்கும் விஜயா அக்கா எட்டிப் பார்த்தார். "இன்னா சுமதி, உன் தொட்டிக்குக் காய்ச்சல் திரும்ப வந்துடுச்சா? என் டீயே புளிக்குது."

மாஸ்டரின் கை

ஒரு மத்தியானம் டிபன் பாக்ஸை மறந்துவிட்டுத் திரும்பி வந்தேன். தொட்டிக்குத் தீனி போடும் வாயருகே மாஸ்டர் குந்தியிருந்தார். பக்கத்தில் ஒரு தூக்குச்சட்டி. தயிர்சாதத்தைக் குழந்தைக்குப் பிசைவதுபோலக் குழையப் பிசைந்து, கவளம் கவளமாக உள்ளே விட்டுக்கொண்டிருந்தார்.

வாய்க்கு வந்தபடி கத்திவிட்டேன். தினமும் போட்டாராம். ஊரே சாப்பிடும் இடத்தில் இது மட்டும் பட்டினி கிடப்பதை அவரால் பார்க்க முடியவில்லையாம். "பாசத்துலயே கொல்றீங்க மாஸ்டர்! இது செத்தா டிராக்டர் எங்க வீட்டுக்குப் பின்னால வரும், எங்க தெரு அந்தத் தண்ணியத்தான் குடிக்கணும்" என்றேன். அவருக்கு அதுவரை அது தெரியாது. தூக்குச்சட்டியை மூடி ஓரமாக வைத்தார். பிறகு கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "பசின்னா போட்டுத்தான் இந்தக் கைக்குப் பழக்கம். போடாம இருக்க இது கத்துக்கலம்மா."

தை பௌர்ணமி

மாஸ்டர் ஊட்டுவதை நிறுத்திய பிறகு பேப்பர் மெல்லப் பச்சைப் பக்கம் திரும்பியிருந்தது. பௌர்ணமியன்று காலையிலேயே செயலாளர் கையில் போனோடு அடுப்பருகே வந்து நின்றுவிட்டார். மாஸ்டர் தீக்குச்சியைக் கிழித்தார். தீ எழுந்தது, துள்ளியது, அணைந்தது. எனக்குக் கண்ணுக்குள் எங்கள் கிணறுதான் நின்றது. குழாயில் நின்ற பழைய காற்றைக் கொஞ்சம் வெளியேற்றிவிட்டு, மாஸ்டர் அடுத்த குச்சியைக் கிழித்தார். நீலமாக வந்து, பர்னரில் உட்கார்ந்து, நின்றது. அண்டாவை ஏற்றினோம். அண்டா கொதிக்கிறவரை நான் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. செயலாளர் போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

அதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். சாயங்காலம் ஓர் உபயதாரர் இரண்டு டிரம் புளிசாதத்தோடு வண்டியில் வந்து இறங்கினார். போட்டது போக மிஞ்சியதாம், தொட்டியில் கொட்டினால் புண்ணியமாம். செயலாளர் என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்குள் மாஸ்டர் போய் தொட்டிக்குத் தீனி போடும் வாயின் மூடிமேல் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். "இது இப்பத்தான் எழுந்து உக்காந்திருக்கு சார், இதுக்கு ஒரு பருக்கையும் கெடையாது. மலை சுத்தறவங்க வந்துகிட்டே இருக்காங்க, வாசல்ல நின்னு உங்க கையாலயே போடுங்க. அடுத்த தபா கம்மியா ஆக்கிட்டு வாங்க."

ஆற்றலை ஆக்கவும் முடியாது அழிக்கவும் முடியாது என்று காலேஜில் படித்தேன். எங்கள் ஊர் மிச்சச் சோறும் அப்படித்தான் மக்களே, அதை வாசல் பக்கம் திருப்பிவிட ஓர் ஆள் மூடிமேல் உட்கார்ந்திருக்கும்வரைதான் எங்கள் கிணற்றுக்கு நிம்மதி.