பத்து எண்ணி முடிவதற்குள்

என் கணவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். கப்பலிலிருந்து கண்டெய்னர்களை எடுத்து லாரிகளின் மேல் இறக்கும் பெரிய கிரேன் அது. வெகு உயரத்தில், கண்ணாடித் தரை போட்ட சிறு அறையில் உட்கார்ந்து, இரண்டு கைகளிலும் இரண்டு லீவர்களைப் பிடித்தபடி, கால்களுக்கு இடையே கீழே பார்த்துக்கொண்டு செய்ய வேண்டிய வேலை. கீழே லாரிகளுக்கு இடையில் கொக்கி கழற்றும் ஆட்கள் நிற்பார்கள்.

அவருடைய வலது கை நடுங்குவதை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கண்டேன். செய்தித்தாளை இடது கையில் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தார். மடியில் கிடந்த வலது கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும், கண்ணுக்குத் தெரியாத ஒரு மிளகை உருட்டுவதுபோல ஓயாமல் அசைந்துகொண்டிருந்தன. நான் பார்ப்பதை உணர்ந்ததும் கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். அதன்பின் அந்தக் கை எப்போதும் எதற்காவது அடியிலேயே இருந்தது.

உள்ளூரில் பார்த்தால் செய்தி துறைமுகத்துக்குப் போய்விடும் என்று நாகர்கோவில்வரை போனோம். நடுக்குவாதத்தின் தொடக்கம் என்றார் மருத்துவர். மாத்திரை எழுதிக்கொடுத்துவிட்டு, கிரேனை விட்டுவிடுவது நல்லது என்றும் சொன்னார். திரும்பி வரும் வழியில் அவர் அதற்குப் பதில் சொன்னார், என்னிடம்.

"லீவரு கனமா இருக்கும்ளா. புடிச்சிட்டா நடுக்கம் நின்னுரும். சும்மா வச்சிருந்தாத்தான் ஆடுது."

"எப்பவும் நின்னுருமா?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பெண்கள் பள்ளியில் வரலாறு நடத்துகிறவள் நான். பதில் தெரியாதவர்களைக் கிளறக் கூடாது என்பது வகுப்பறையில் கற்றது. அவரை விட்டுவிட்டேன்.

சில வாரங்கள் கழித்து, பின்கட்டு அறையில் பழைய மோட்டார்களும் அலுமினியத் தகடுகளும் சேரத் தொடங்கின. ரோபோச் சண்டைக்கு ஒரு யந்திரம் செய்யப்போவதாகச் சொன்னார். கேன்டீனில் யாரோ செல்போனில் காட்டியிருக்கிறார்கள். பிளாஸ்டிக் சுவர் அடைத்த கூண்டுக்குள் இரண்டு யந்திரங்கள் ஒன்றையொன்று உடைக்கும். ஓட்டுகிறவர்கள் வெளியே ரிமோட்டோடு நிற்பார்கள். ஒன்று அசையாமல் போனால் நடுவர் பத்துவரை எண்ணுவார். எண்ணும் நேரத்தில் மற்றது விலகி நிற்க வேண்டும். இதைச் சொல்லி முடித்தபின்தான் விஷயத்துக்கு வந்தார்.

"ரிமோட்டு குச்சி சுண்டுவிரல் உசரந்தான். லேசா தொட்டாலே ஓடும். கூட்டத்துக்கு நடுவுல நின்னு, இதுல எங் கை நின்னுச்சுன்னா கிரேன்லயும் நிக்கும். நிக்கலன்னா நானே எறங்கிருதேன். நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம்."

தன் வழக்கைத் தானே விசாரிக்க நினைத்த மனிதரிடம் நான் என்ன சொல்வது? சரி என்றேன்.

மாதக்கணக்கில் அந்த வேலை நடந்தது. முத்தையாபுரத்தில் ஒரு லேத்துப் பட்டறையில் கனத்த இரும்பு உருளை ஒன்றைக் கடைந்து வாங்கினார். லாரியின் பழைய ஸ்பிரிங் பட்டையை அறுத்து அதற்கு இரண்டு பற்கள் பொருத்தினார். அந்த உருளை சுழன்று எதிரியைத் தூக்கி எறிய வேண்டும். எடை கூடிவிட்டது என்று உடல் தகடெங்கும் துளை போட்டார். துறைமுகத்திலிருந்து காற்றில் வரும் கரித்தூள் படியாமலிருக்க என் பழைய சேலையால் மூடிவைத்தார். பெயர் ஏதும் வைக்கவில்லை. சாமான் என்பார். "சாமானுக்கு ஜுரம்" என்றால் மோட்டார் சூடாகிவிட்டது என்று பொருள்.

முதல்முறை ரிமோட்டைக் கையில் எடுத்தபோது, சாமான் நின்ற இடத்திலேயே குலுங்கியது. குச்சியின் மேல் கிடந்த அவர் விரலின் நடுக்கம், தகடுகள் கடகடக்க, சிமெண்டுத் தரைமேல் அப்படியே கேட்டது. நான் அடுக்களையில் நின்று அதைக் கேட்டேன். சின்ன அசைவுகளைக் கண்டுகொள்ளாதபடி ரிமோட்டை மாற்றி அமைக்க வழி உண்டு என்று அவரே ஒருநாள் சொன்னார்.

"செய்யுங்களேன்."

"அப்பம் இத எதுக்குளா செஞ்சேன்?"

மாத்திரைகள் வேலை செய்தன. கடகடப்பு குறைந்து குறைந்து ஒரு மாலையில் நின்றேவிட்டது. ரிமோட்டைப் பிடித்தபடி அவர் அசையாத சாமானைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த முகத்தை, கல்யாணப் புகைப்படத்தில்கூட நான் பார்த்ததில்லை.

போட்டி மதுரைப் பக்கம் ஒரு கல்லூரியில். யார் வேண்டுமானாலும் கலந்துகொள்ளலாம் என்றாலும், தலை நரைத்தவர் அவர் ஒருவர்தான். எதிரணியில் நான்கு மாணவர்கள். ஓட்டியவள் ஒல்லியான ஒரு பெண். அவர்களுடைய யந்திரம் தட்டையாக, முன்னால் சாய்வான தகட்டோடு இருந்தது. ஆட்டம் தொடங்கியதும் இரண்டு முறை சாமானைச் சுவரோடு சேர்த்து நெருக்கியது. அவர் நிதானமாக விலகினார், திரும்பினார், உருளையை முழுவேகத்தில் சுழலவிட்டுப் பக்கவாட்டில் போய் மோதினார். அது எகிறி, புரண்டு, மேல்மூடி கழன்று விழுந்து கிடந்தது. நடுவர் எண்ணத் தொடங்கினார்.

சாமான் பின்வாங்கி நின்றது. அவர் ஜெயித்துக்கொண்டிருந்தார்.

நான் யந்திரத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தேன். கட்டைவிரல் மிளகை உருட்டத் தொடங்கியது. சாமான் துள்ளித் துள்ளி முன்னால் நகர்ந்தது. "ஆயுதத்தை நிறுத்துங்க சார்" என்றார் நடுவர். பிறகு உரக்கச் சொன்னார். விரல் ஸ்விட்சைத் தேடுவதும் அதைத் தாண்டிப்போவதும் எனக்குத் தெரிந்தது. உருளை சுழன்றபடியே போய், மூடியில்லாமல் கிடந்த அந்த யந்திரத்தின் வயிற்றில் இறங்கியது. பாட்டரி கிழிந்தது. வெள்ளைப் புகையும் பின்னாலேயே தீயும் எழுந்தன. கூண்டுக்குள் மணல் கொட்ட ஓடினார்கள்.

"பெருசு, அது எப்பவோ போய்ச் சேந்துருச்சு. விட்டுரு" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். சிலர் சிரித்தார்கள்.

தோல்வி என்று அறிவித்தார்கள். விதிமீறல். அந்தப் பெண் எங்களிடம் வந்தாள். அழவில்லை. தெற்கத்திப் பிள்ளை என்பது பேச்சில் தெரிந்தது.

"எண்ணிக்கிட்டுத்தான இருந்தாவ, அண்ணாச்சி?"

"ஆமாம்மா."

"பெறவு எதுக்கு?"

நான் வாயைத் திறந்தேன். அவர் என்னைப் பார்த்தார். மூடிக்கொண்டேன்.

"ஆத்திரம்மா. அடிச்சிட்டேன்" என்றார். கை பேண்ட் பைக்குள் இருந்தது.

எங்களிடமிருந்த மாற்றுப் பாட்டரியை அவர்கள் மேசைமேல் வைத்துவிட்டு வெளியே வந்தோம். அந்தப் பெண் வாசல்வரை ஓடிவந்து அதைத் திருப்பிக் கொடுத்தாள். "வேண்டாம் அண்ணாச்சி" என்று மட்டும் சொன்னாள்.

பேருந்தில் சாமான் சாக்குக்குள் எங்கள் காலடியில் கிடந்தது. எட்டயபுரம் தாண்டியதும் அவர் சொன்னார்.

"கொக்கி கழட்டுத பயலுவ, ஒருத்தன் மாட்டிக்கிட்டான்னா ரேடியோவுல என்ன சொல்லுவானுவ தெரியுமா? 'அண்ணாச்சி, நிப்பாட்டுங்க'. அவ்வளவுதான் சொல்ல நேரம் இருக்கும்."

குனிந்து சாக்கைச் சீட்டுக்கு அடியில் தள்ளிவைத்தார்.

"இன்னைக்கு அந்த நடுவரு சொன்னது எனக்கு நல்லாக் கேட்டுச்சுளா. வெரலு வரல."

மறுநாள் காலை சீருடையை நானே தேய்த்துக் கொடுத்தேன். வழக்கம்போலப் போனார். மதியத்துக்கு முன்பே வந்துவிட்டார். செருப்பைக் கழற்றிவிட்டு நேராகச் சாப்பாட்டு மேசைக்கு வந்து உட்கார்ந்தார்.

"சொல்லிட்டேன். கேட்டுல நின்னு கண்டெய்னர் சீல் பாக்குத வேல தாரேன்னு சொல்லுதாவ. பாப்போம்."

சோறு எடுத்துவந்தேன். வலது கையை அவர் மறைக்கவில்லை. தட்டுக்குப் பக்கத்தில், மேசைமேல், வெளிச்சத்தில் வைத்திருந்தார். அது தன் பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது. பக்கத்திலிருந்த டம்ளரில் தண்ணீர் நடுங்கியது. நான் டம்ளரைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டுக் குழம்பை ஊற்றினேன்.