கரடி கீழே பார்த்த நாள்

துக்க வீட்டில் டிவி போட்டதற்காக என்னை இதுவரை யாரும் அடிக்கவில்லை. அடித்திருக்க வேண்டும். நான் அம்மாவாக இருந்திருந்தால் விளக்குமாற்றைத் தேடியிருப்பேன்.

மலைநாட்டில் கலஹா ஊருக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில், ஒரே கூரையின் கீழ் வரிசையாகப் பத்து வீடுகள் கொண்ட லயத்தில் நாங்கள் இருந்தோம். எங்களுக்கு அடுத்தது பெரியப்பா வீடு. லயத்தில் நடுச்சுவர்கள் கூரையைத் தொடுவதில்லை. முதல் வீட்டில் தும்மினால் கடைசி வீட்டில் கசாயம் கொதிக்கும். பெரியப்பாவுக்கும் பெரியம்மாவுக்கும் பிள்ளைகள் இல்லை, ஆனால் டிவி இருந்தது. எங்கள் வீட்டில் பிள்ளைகள் இருந்தோம், டிவி இல்லை. ஆகவே நானும் தம்பியும் பகலெல்லாம் அங்கேதான் கிடந்தோம்.

மாலையில் அரைமணி நேரம் கார்ட்டூன் போடுவார்கள். ஒரு தடிக் கரடி, அதன் தேனைத் திருடும் ஒரு சுண்டு அணில். அதில் யாரும் ஒரு வார்த்தை பேசமாட்டார்கள் என்பதால் எங்களுக்கும் பாஷைத் தொல்லை இல்லை. கரடி மண்வெட்டியை மிதிக்கும், பிடி எழும்பி மூக்கிலேயே அடிக்கும். பாறை உருண்டு வந்து கரடியை ரொட்டி மாதிரித் தட்டையாக்கும், அது எழுந்து உதறிக்கொண்டு மறுபடியும் ஓடும். பெரியப்பா கொழுந்து அரைக்கும் தேயிலை ஸ்டோரில் வேலை முடிந்து வந்து, முகம் கழுவி, எங்களோடு பாயில் உட்காருவார். தொடையைத் தட்டித் தட்டிச் சிரிப்பார். தட்டுவது என் தொடையை.

அவருக்கு மிகவும் பிடித்தது ஒரே ஒரு கட்டம். அணிலைத் துரத்தும் கரடி மலை விளிம்பைத் தாண்டி வெறும் காற்றிலேயே நடந்துபோகும். அதற்கு ஒன்றும் ஆகாது. பாதிவழியில் நின்று கீழே பார்க்கும். பிறகுதான் விழும். பெரியப்பா டிவியைப் பார்த்துக் கத்துவார்: "கீழ பாக்காதடா. அப்படியே போயிரு." ஒரு நாளும் அது கேட்டதில்லை. "பாத்தான் பாருங்க. பாக்காம இருந்தா அந்தப் பக்கம் சேந்திருப்பான்" என்று எங்களிடம் உண்மையாகவே வருத்தப்படுவார். நான் அதை முழுமனதாக நம்பி, லயத்துக்குப் பின்னால் உள்ள மண்திட்டின் விளிம்பில் வானத்தைப் பார்த்துக்கொண்டே நடந்துபார்த்தேன். முழங்காலில் தழும்பு இன்னும் இருக்கிறது.

பெரியம்மா பின்னால் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே, "மூணும் ஒரே வயசு" என்பார். ஆனால் கரடி விழும்போது சேலை முந்தானையை வாயில் திணித்துக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன்.

நெஞ்சு வலிக்கிறது என்று ஆஸ்பத்திரிக்குப் போன பெரியப்பா, இரண்டு நாள் கழித்துப் பெட்டியில் வந்தார். நானும் தம்பியும் அழுது தீர்த்தோம். லயமே அழுதது. பெரியம்மா மட்டும் அழவில்லை. வந்தவர்களுக்கெல்லாம் தேத்தண்ணி போய்ச் சேர்ந்ததா என்று பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி வீட்டு அத்தைக்கு இது பெரிய மனக்குறை. தோட்டத்தில் எந்தச் சாவு விழுந்தாலும் ஒப்பாரிக்கு முதல் குரல் அவருடையதுதான். அவர் பெரியம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதபோது, "அத்தாச்சி, தொண்டை கட்டிரும், தண்ணி குடிங்க" என்று பெரியம்மா சொம்பை நீட்டினார். பிறகு மலைத் தண்ணீர் கொட்டும் பீலியடியில் அத்தை அம்மாவிடம் சொன்னதை நானும் கேட்டேன். "அழாம கெடக்கிறா. உள்ளுக்கே வச்சிருந்தா ஆளையே தின்னுரும். இவளையும் தூக்கிக் குடுக்கப் போறோமா?" அம்மா துணியை இன்னும் ஓங்கி அடித்துத் துவைத்தார். எனக்கு அன்றிரவு பயமாக இருந்தது.

பயம் ஒரு பக்கம், கரடி மறுபக்கம். பதினாறாம் நாள் கருமாதி முடியும்வரை டிவி போடக்கூடாது. அது போதாதென்று, வீட்டில் உயரமான இடம் வேறில்லாததால் டிவியின் மேல்தான் பெரியப்பாவின் படத்துக்கு மாலை போட்டு விளக்கு வைத்திருந்தார்கள். அவருடைய வெள்ளை வேட்டி டிவியை மூடித் தொங்கியது.

பத்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை மாலை. அப்பா கலஹா கடைக்குப் போயிருந்தார், அம்மா பீலியில் துவைத்துக்கொண்டிருந்தார், பெரியம்மா அடுப்படியில் படுத்திருந்தார். நான்தான் யோசனை சொன்னேன். யாரும் பேசாத படத்துக்குச் சத்தம் எதற்கு? சத்தத்தை முழுதாகக் குறைத்து, வேட்டியை மேலே மடித்துவிட்டு, டிவியைப் போட்டேன். சிரிப்பு வந்தால் கடித்துக்கொள்ளத் தம்பியின் வாயில் அவன் சட்டைக் காலரையே திணித்தேன். விளக்குக்கு மேலே பெரியப்பா சிரித்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஆட்சேபணை இருப்பதாகத் தெரியவில்லை.

கரடி இரண்டு அடி வாங்கியிருக்கும். திரும்பிப் பார்த்தால் பெரியம்மா நிற்கிறார். எனக்கு உயிர் போய்விட்டது. எழுந்திருக்கவும் முடியவில்லை, அணைக்கவும் கை போகவில்லை. அவர் எங்களைப் பார்க்கவில்லை. திரையையே பார்த்தபடி வந்து, தன் பழைய இடத்தில் உட்கார்ந்தார்.

கரடி மலை விளிம்பைத் தாண்டி நடந்தது. பாதிவழியில் நின்றது.

"கீழ பாக்காதடா" என்றார் பெரியம்மா, மெதுவாக.

கரடி பார்த்தது. எங்களைப் பார்த்து முழித்தது. விழுந்தது. பெரியம்மாவின் வாய்க்குள் முந்தானை போவதற்குள் சிரிப்பு முந்திக்கொண்டது. அவர் அடக்க அடக்க, அது மூக்கு வழியாகவும் தோள் வழியாகவும் வெளியே வந்தது. ம்ம், ம்ம் என்று ஒரு முனகல், நடுவில் ஒரு கேவல். அதைப் பார்த்துத் தம்பி காலரைத் துப்பிவிட்டு உருண்டான். நானும் உருண்டேன். பத்து நாளாகச் சேர்த்துவைத்த சிரிப்பு. அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு வாழ்க்கையில் பிறகு இரண்டு மூன்று முறைதான் வாய்த்திருக்கிறது.

சுவர்கள் கூரையைத் தொடாத லயம் என்பதை மூவரும் மறந்துவிட்டோம். முனகலும் கேவலும் ஓட்டுக்கடியில் ஊர்ந்துபோய்க் கடைசி வீட்டில் இறங்கின. துக்க வீட்டிலிருந்து அப்படிச் சத்தம் வந்தால் அது வேறு என்னவாக இருக்க முடியும்? "அழுதுட்டாடி, அழுதுட்டா" என்று அத்தையின் குரல் வெளியே கேட்டது. நான் பாய்ந்து வேட்டியை இழுத்துவிட்டேன். டிவியை அணைக்க நேரமில்லை. வேட்டிக்குப் பின்னால் கரடி ஓடும் வெளிச்சம் பளிச் பளிச்சென்று அடித்தது. தம்பி அதன் முன்னால் போய்க் கைகளை விரித்து நின்றுகொண்டான். அது இன்னும் சந்தேகமாக இருந்தது.

அத்தை தலைவிரிகோலமாக வந்து பெரியம்மாவைக் கட்டிக்கொண்டார். பின்னால் நாலைந்து பெண்கள், ஈரத் துணியோடு அம்மா. "அழு தங்கச்சி. நல்லா அழு" என்றவர், "வேலைச் சங்கு ஊதியும் எந்திரிக்கலயே என் ராசா" என்று ராகம் எடுத்தார். பெரியம்மாவின் முகம் அத்தையின் தோளில் புதைந்திருந்தது. முதுகு குலுங்கியது. எனக்குத் தெரியும், அது சிரிப்பு. எங்களைக் காட்டிக்கொடுக்காமல் அழுகையாக மாற்றிக்கொண்டிருக்கிறார். என்ன திறமை என்று வியந்தேன். குரல்கூட மாறிவிட்டது. "என்ன விட்டுட்டுப் போயிட்டீங்களே" என்று ஒரு முறை அலறினார் பாருங்கள், நானே ஏமாந்திருப்பேன். கார்ட்டூன் முடிந்து, செய்தி முடிந்து, வேட்டிக்குப் பின்னால் வேறு ஏதோ ஓடத் தொடங்கிய பிறகும் அவர் நிறுத்தவில்லை. கொஞ்சம் அதிகமாகவே நடிக்கிறாரே என்றுகூட நினைத்தேன்.

அம்மா தம்பியை நகர்த்திவிட்டு வேட்டியின் மேல் கையை வைத்துப் பார்த்தார். சூடாக இருந்திருக்கும். என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு சுவிட்சை அணைத்துவிட்டு, பெரியம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்து தானும் அழுதார்.

எல்லோரும் போன பிறகு பெரியம்மா முகம் கழுவி, தேங்காய்ச் சம்பலோடு இரண்டு ரொட்டி சாப்பிட்டார். மூன்றாவதும் கேட்டார். அவர் கண்கள் வீங்கி, மூக்கு சிவந்திருந்தது. நான் அருகில் போய்க் காதில் சொன்னேன்.

"நல்லா நடிச்சீங்க பெரியம்மா."

அவர் என் தொடையில் ஒரு தட்டுத் தட்டினார். "ஆமா புள்ள" என்றார்.

அதையும் நான் அப்படியே நம்பினேன்.