எக்ஸ்சேஞ்ச் ரெஸ்ட் ரூமில் ஒரு கோட்டை

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவளுக்குச் சந்தேகம் சம்பளத்தோடு சேர்ந்தே வரும். எந்த எக்ஸ்சேஞ்ச் என்று கேட்காதீர்கள், பென்ஷன் வாங்குகிறேன். தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் பக்கத்தில் எங்கோ, எண்பதுகளின் நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள். ப்ளக்கைச் செருகி இரண்டு ஊர்களைப் பேசவிட்டு, லைன் உயிரோடு இருக்கிறதா என்று நடுவில் ஒரு நொடி கேட்டுப்பார்ப்பது எங்கள் வேலை. அதற்கு மேல் கேட்டால் ஒட்டுக்கேட்டதாக மெமோ வரும். அதனால் எங்களில் யாரும் எதையும் கேட்டதே கிடையாது.

கப்பலில் வேலை பார்த்த என் தம்பி ஏதோ ஒரு துறைமுகத்தில் ஒரு பெட்டி வாங்கி வந்தான். உள்ளே பருமனான இங்கிலீஷ் புத்தகம், பல முகம் வைத்த பகடைகள். ஒருத்தி கதையை நடத்த வேண்டும். மற்றவர்கள் கதைக்குள் ஆளாக இருந்து, நான் இதைச் செய்கிறேன், அதைச் செய்கிறேன் என்று சொல்ல வேண்டும். நடக்குமா நடக்காதா என்பதைப் பகடை தீர்மானிக்கும். புத்தகத்தில் இருந்த வெள்ளைக்காரக் கோட்டையைத் தூக்கி ஐந்தருவிக்கு மேலே காட்டுக்குள் வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை டூட்டி முடிந்ததும் ரெஸ்ட் ரூம் மேஜையில் ஆட்டம். வீட்டுக்காரர் மஸ்கட்டில், நான் வாடகை ரூமில். வாரத்தில் அந்த ஒரு மத்தியானம்தான் எனக்கு வீட்டில் இருக்கிற மாதிரி இருக்கும். நாலு நாக்குக்கு ஒரே குழம்பு வைத்துத் திட்டு வாங்கியவர்களுக்கு மீதியை நான் விளக்க வேண்டியதில்லை.

தண்ணீரில் விழுந்த பகடை

ஆடியவர்கள் என்னோடு போர்டில் உட்கார்ந்து லைன் போட்ட மூன்று பேர். அதில் கோமதிக்குத் துப்புத் துலக்க வேண்டும். கோட்டையில் ஒரு கதவு இருந்தால் திறக்க மாட்டாள். தட்டிப்பார்ப்பாள், மோந்து பார்ப்பாள், இதைச் செய்த ஆசாரி யார், இப்போது எங்கே இருக்கிறான் என்று கேட்பாள். அதற்குள் மற்ற இரண்டு பேரும் கொட்டாவி விட்டுவிடுவார்கள்.

ஒருநாள் அவளுடைய வீரன் ஒரே பாறையில் திரும்பத் திரும்ப வழுக்கி விழுந்தான். பகடையில் ஏதோ கோளாறு என்று சொல்லி, முட்டை அழுகலா என்று பார்க்கிற மாதிரி அதை ஒரு தம்ளர் தண்ணீரில் போட்டாள். எப்படிப் போட்டாலும் ஒழுங்காக முங்கியது. சரியாப் போச்சா என்று கேட்டேன். கோமதி தம்ளரை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னாள்:

"எப்பிடிப் போட்டாலும் ஒரே மாதிரி முங்குது. அதான் எனக்குச் சந்தேகமா இருக்கு."

ஓங்கிய கத்தி

பேச்சியம்மாள் அக்கா எங்களுக்கெல்லாம் சீனியர். வாரம் பூரா காதில் யாராவது "ஹலோ, ஹலோ" என்று கத்துவதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை யாரையாவது வெட்டினால்தான் அக்காவுக்குத் தூக்கம் வரும். சாந்தா நேர் எதிர். கீழப்பாவூர்க்காரி. சீசன் நேரத்தில் ஐந்தருவியில் மங்குஸ்தான் வாங்க நின்றால், கடைக்காரன் தன் குடும்பக் கஷ்டத்தைச் சொல்லி அழுகிற வரைக்கும் பேச்சை விடமாட்டாள்.

கோட்டை வாசலில் கொள்ளைக்காரத் தலைவனை நிறுத்தினேன். "வெட்டுதேன்" என்று அக்கா கத்தியை ஓங்கினார். நான் பகடையை எடுப்பதற்குள் சாந்தா, "உங்களுக்கு எந்த ஊரு? பிள்ளைக எத்தன?" என்று அவனிடம் ஆரம்பித்துவிட்டாள். பகடையும் அவள் பக்கமே விழுந்தது. சாயங்காலத்துக்குள் அவன் கொள்ளையை விட்டுவிட்டு எங்களுக்கு வழிகாட்டியாகச் சேர்ந்துவிட்டான். அக்கா கடைசிவரை ஓங்கிய கையோடு உட்கார்ந்திருந்துவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார்:

"ஏட்டி, நீ சாந்தாட்ட என்ன வாங்கித் தின்ன? என் கத்திக்கு ஒரு கொசுகூட சிக்க மாட்டேங்குது."

கிணற்றில் இறங்கியவர்கள்

கொஞ்ச நாளில் சந்தேகம் என்னையும் பிடித்துக்கொண்டது. பாய்க்கு அடியில் குழி வைத்தால் பாயைச் சுற்றிக்கொண்டு போனார்கள். பானகத்தில் விஷம் வைத்தால் மூன்று பேருக்கும் தாகமே இல்லை. கதையை நான் எங்கும் எழுதி வைப்பதில்லை, எல்லாம் மனதில்தான். மனதை விட்டால் அது தெரிந்த ஒரே ஆள் ஓமனா. செங்கோட்டைப் பக்கத்து எக்ஸ்சேஞ்சில் இருந்த என் மலையாளத்துச் சிநேகிதி. கூட்டம் இல்லாத நேரத்தில் லைனில் அவளிடம் அடுத்த வாரக் கதையைச் சொல்லி யோசனை கேட்பேன்.

அன்றைக்கு அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தபோது லைனில் யாரோ மூச்சு விட்டார்கள். ஓமனாவின் மூச்சு இல்லை. ஒன்றல்ல, மூன்று மூச்சு. அதில் ஒன்றில் பேச்சியம்மாள் அக்காவின் மூக்கடைப்பு இருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். மூன்று பேரும் அவரவர் போர்டைப் பார்த்துக்கொண்டு, சாமி கும்பிடுகிற முகத்தோடு இருந்தார்கள். நான் காட்டிக்கொள்ளாமல், "புதையல் பூரா அந்தப் பாழுங்கிணத்துக்குள்ளதான் ஓமனா" என்று அளந்துவிட்டேன்.

எதிலும் ஒத்துப்போகாத மூன்று பேர், அந்த ஞாயிற்றுக்கிழமை நான் கோட்டை வாசலைச் சொல்லி முடிப்பதற்குள் கிணற்றுக்குள் இருந்தார்கள். உள்ளே தவளைகள்தான். புதையல் எங்கே என்று என்னிடம் கேட்கவும் முடியாது. சாந்தாதான் சமாளித்தாள்:

"வெயிலுக்கு ஒரு முங்கு போடலாம்னுதான் எறங்கினோம். வேற ஒண்ணும் இல்ல."

ஓமனாவிடம் அழுதது

சிரிப்பு அந்த வாரத்தோடு சரி. கோட்டைச் சிறையில் ஒரு மந்திரி இருந்தார். சாந்தா அவரிடம் பாதி பேசியிருந்தாள். கோமதி கேட்க வேண்டிய துப்பு இன்னும் பாக்கி. அக்கா பொறுமை போய் மந்திரியை ஒரே வெட்டாக வெட்டிவிட்டார். பெரிய சண்டை. நான் மற்றவளுக்குச் சாதகம் செய்கிறேன் என்று மூன்று பேரும் என்னையே பிடித்துக்கொண்டார்கள். அக்காவும் சாந்தாவும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் இருந்துகொண்டு பேசுவதில்லை. கோமதி டிபனைத் தனியாகக் கொண்டுபோய்ச் சாப்பிட்டாள்.

எனக்கு மனசு விட்டுப்போயிற்று. "ஒருத்திக்கு வெட்டு, ஒருத்திக்குப் பேச்சு, ஒருத்திக்குத் துப்பு. எல்லாருக்கும் செய்ய என்னால ஏலல ஓமனா. வார ஞாயித்துக்கிழமையோட பெட்டிய மூடிருதேன். அதுக்கப்பொறம் அந்த ரூமுல தனியா உக்காந்து என்னத்தச் செய்யப் போறேன்னுதான் தெரியல" என்று சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. சத்தியமாக அன்றைக்கு யார் கேட்கிறார்கள் என்ற நினைப்பே எனக்கு இல்லை. அவர்களிடமே சொல்லேன் என்றாள் ஓமனா. மாட்டேன், கெஞ்சின மாதிரி ஆகிவிடும் என்றேன். அவள் பெருமூச்சு விட்டுச் சொன்னாள்:

"எடீ, கரயண்டா, அழாத. நீ வாயத் தெறக்காம இருந்தா அவங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

நல்ல குழி

அந்த ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் எனக்கு முன்னால் வந்து ஒரே மேஜையில் உட்கார்ந்திருந்தார்கள். அக்காவின் முறுக்கைச் சாந்தா தின்றுகொண்டிருந்தாள். அப்போதே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும்.

கடைசி ஆட்டம்தானே என்று அக்காவுக்காக ஈட்டியோடு ஒரு காவல்காரனை நிறுத்தினேன். அக்கா கத்தியை உறையில் போட்டுவிட்டு, "அண்ணாச்சி, சாப்பிட்டாச்சா?" என்று அவனிடம் விசாரித்தார். அடுத்தவனைச் சாந்தா ஒரு வார்த்தை பேசாமல் வெட்டிச் சாய்த்துவிட்டு, "சரியா வெட்டினேனாக்கா?" என்று கேட்டாள். கோமதி ஒரு கதவை மோந்துகூடப் பார்க்காமல் எட்டி உதைத்தாள். உள்ளே இருந்த குழியில் விழுந்தாள். "பரவால்ல, நல்ல குழி" என்றாள்.

எனக்குப் பயமே வந்துவிட்டது. பகடையைப் பார்த்தேன். முறுக்கை மோந்து பார்த்தேன். மூன்று முகத்தையும் பார்த்தேன். அதே சாமி கும்பிடுகிற முகம். "என்ன இது, மூணு பேரும் ஆளே மாறிட்டிய?" என்று கேட்டேன். அக்காதான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, ஃபேனைப் பார்த்தபடி சொன்னார்:

"நீ வெளயாட்ட மூடப் போறதா எங்க காதுல விழவே இல்லட்டி."

விருப்பம் வேறு வேறான ஆட்களை ஒரே மேஜையில் உட்கார வைக்க அந்தப் பருமனான புத்தகத்தில் ஒரு வழியும் இல்லை. யாரும் கேட்காத ஒரு லைனில் கொஞ்சம் அழுதால் போதும்.