மருமகனுக்கு நான் சொன்ன நல்ல சாட்சி

போன புதன்கிழமை நான் கோர்ட்டில் கூண்டேறினேன். பயப்படாதீர்கள் — குற்றவாளியாக அல்ல, சாட்சியாக.

குற்றவாளி என் மருமகன் ரிபாஸ். மாவடிப்பள்ளி வயலில் இருந்து டிராக்டரை ரோட்டில் ஏற்றியவன், வந்த மோட்டார் சைக்கிளைக் கவனிக்கவில்லை. திருக்கோவில் ஊர் மீனவர் ஒருவருக்குக் கால் முறிந்துவிட்டது. ரிபாஸ் ஓடவில்லை. அவனே அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தான். அவனே பொலிசுக்கும் போனான்.

வழக்காடிப் பார்ப்போம் என்றேன். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டு இரண்டு நெல் மில் கட்டியவன் நான். எனக்குத் தெரியாத வழியா? எங்கள் வழக்கைப் பேசிய லோயர் சம்மதிக்கவில்லை. முதலிலேயே குற்றத்தை ஒப்புக்கொண்டால் தண்டனை குறையும், நல்ல நடத்தை உள்ளவன் என்று ஊரில் மதிப்பான ஒருவர் சொன்னால் சிறைக்குப் போகாமலே தப்பலாம் என்றார்.

மதிப்பான ஒருவர்... வேறு யார்?

என் மகளுக்கு இது நிறைமாதம். அந்தப் பயத்தோடுதான் ஏறினேன். தொழுகை தவறாதவன், சிகரெட்டும் தொடாதவன் — எல்லாம் சொன்னேன். நீதவான் தலையசைத்துக் கேட்டார். அத்தோடு இறங்கியிருக்கலாம். நான் இறங்குவேனா?

"இவன் எதையும் மறைக்கிற ஆள் இல்ல ஐயா. போன வருசமும் ஒராளத் தட்டினவன். அண்டைக்கே பள்ளிவாசல்ல வெச்சுக் கதைச்சு, மன்னிப்புக் கேட்டு முடிச்சிட்டம். பொலிசுக்கே போகல்ல."

எங்கள் ஊரில் அது பெருமை. பள்ளிவாசலில் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டவனை நாங்கள் நல்லவன் என்போம். கோர்ட்டில்? லோயர் கண்ணை மூடிக்கொண்டார். நீதவான் பேனையை வைத்துவிட்டு ரிபாஸைப் பார்த்தார்.

"அதுவும் டிராக்டரா?"

"ஓம் ஐயா."

அவன் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அந்த விபத்தையும் விசாரித்த பிறகே தண்டனையாம். அடுத்த மாதம் வழக்குத் தவணை; அதுவரை ரிபாஸ் சிறைக்காவலில். வெளியே வந்த லோயர், "ஒப்புக்கொண்டது இன்னும் எங்கட பக்கந்தான் ஹாஜியார். நல்ல நடத்தையத்தான் நீங்க..." என்றார். முடிக்கவில்லை.

மகள் முடித்தாள். "வாப்பா, நீங்க சும்மா இருந்திருந்தா, புள்ள பொறக்கக்குள்ள அவர் வீட்ட இருந்திருப்பார்."

இப்போது ஒவ்வொரு தொழுகையிலும் ஒரே துஆதான்: நான் சொன்னதை நீதவான் மறந்துவிட வேண்டும். என் பேச்சை யாராவது மறக்க வேண்டும் என்று நான் ஆசைப்படுவது இதுதான் முதல் தடவை.