பூட்டு கத்தினால் ஓடுவோம்

கன்டெய்னர் லாரித் தொழிலில் ‘பெட்டி எங்கே?’ என்று கேட்காத ஆளும் கிடையாது, பதில் சொன்னால் நம்புகிற ஆளும் கிடையாது. தூத்துக்குடியில் ஒரு டிரெய்லர் ஆபீசில் போனும் கையுமாக உட்கார்ந்திருக்கிறேன். எங்கள் முதலாளி அண்ணாச்சி எல்லா வண்டிக்கும் ஜிபிஎஸ், கேமரா, எலெக்ட்ரானிக் பூட்டு என்று மாட்டினார். இனி நிம்மதி என்றார். இதே நிம்மதியை அனுபவிக்கும் சகோதர சகோதரிகளே, கேளுங்கள்.

கண்ணாடிக்கு மேல் ஒரு கண்

டிரைவர் சேவியர் அண்ணனுக்குச் சொந்த ஊர் பெரியதாழை. கேமரா மாட்டிய முதல் நாளே அதை முறைத்துப் பார்த்தார். வண்டி யார்டை விட்டுக் கிளம்பும் முன்பே என் திரையில் ‘டிரைவர் தூங்குகிறார்’ என்று சிவப்பு எச்சரிக்கை. பதறிப்போய் போன் போட்டேன். அவருக்கு வந்ததே கோபம்.

“வண்டிய எடுக்கதுக்கு முன்னாடி கண்ணை மூடி ஜெபம் பண்ணுதேன் தங்கச்சி. நான் முழிச்சிருக்கது மாதாவுக்குத் தெரியுது, ஒன் மிஷினுக்குத் தெரியலியே!”

கடலில் ஓடிய லாரி

சரக்குக்காரர்களும் வண்டியைப் பார்க்கட்டும் என்று மேப் இணைப்பை அனுப்பினோம். வினையே அதுதான். துறைமுகத்தில் கடலைத் தூர்த்துக் கட்டிய தளம் அந்த மேப்பில் இன்னும் நீலமாகவே இருக்கிறது. திருப்பூர் பனியன் கம்பெனிக்காரர் அலறிக்கொண்டு கூப்பிட்டார், லாரி தண்ணிக்குள் போகிறதாம். போட்டோ அனுப்பினேன். பழைய போட்டோ என்றார். வீடியோ அனுப்பினேன்.

“வீடியோவெல்லாம் இப்ப யாரு வேணாலும் செஞ்சுக்கறாங்க. டிரைவரை லாரி முன்னால நின்னு இன்னைக்கு வந்த பேப்பரைக் காட்டச் சொல்லுங்க!”

இறங்காமல் இறங்கிய பெட்டி

ரயிலில் வந்த பெட்டியை லாரிக்கு மாற்ற யார்டுக்குப் போனேன். பெட்டி இறங்கிவிட்டது என்கிறது கம்ப்யூட்டர். என் கண்ணெதிரே அது ரயில் மேலேயே இருக்கிறது. யார்டு சூப்பர்வைசரிடம் கையை நீட்டிக் காட்டினேன். அவர் ரயிலைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“ஸ்கிரீன்ல இறங்கிட்டுல்லா மேடம், அத எடுத்துட்டுப் போங்க.”

ஆத்தூரில் அலறிய பூட்டு

சேவியர் அண்ணன் ஆறுமுகநேரிப் பக்கமிருந்து சரக்கு ஏற்றி வந்துகொண்டிருந்தார். நட்ட நடு மத்தியானம், ஆத்தூர் தாண்டி வண்டி நின்றுவிட்டது. பின்னாலேயே பூட்டிலிருந்து எச்சரிக்கை, யாரோ கை வைக்கிறார்கள் என்று. அண்ணாச்சி முகம் கறுத்தது. “திறக்கான் பாத்தியா! இன்னையோட அவனுக்குக் கணக்கு முடிஞ்சுது.” என் போனில் சேவியர் அண்ணன் பெயர் மின்னியது. “எடுக்காத, உஷாராயிருவான். கையும் களவுமா பிடிப்போம்” என்று என்னையும் ஏற்றிக்கொண்டு காரை எடுத்தார். போன் அடித்துக்கொண்டே இருந்தது. சேவியர் அண்ணனா இப்படி என்று ஒரு மனசு; கேமராவை அன்றைக்கு முறைத்தாரே என்று இன்னொரு மனசு. நான் எடுக்கவில்லை.

போய்ப் பார்த்தால், திருச்செந்தூருக்குப் பச்சை உடுத்தி நடந்துபோன கூட்டம் லாரியைச் சுற்றி நிற்கிறது. வெயிலில் சுருண்டு விழுந்த ஒரு பெண்ணை லாரி நிழலில் கிடத்தி, சேவியர் அண்ணன் துண்டை நனைத்து நெற்றியில் போட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பெண்ணின் பெரிய துணிப்பையை யாரோ கதவுப் பூட்டில் தொங்கவிட்டிருந்தார்கள். பூட்டு அலறியது அந்தப் பாரத்துக்குத்தான். அண்ணாச்சி பையைக் கழற்றினார். அந்தப் பெண்ணைத் தன் கார் பின்சீட்டில் ஏற்றினார். தண்ணீர் கேட்கும் அளவுக்கு அவளுக்கு நினைவு திரும்பியிருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கார் கிளம்பும்போது சேவியர் அண்ணன் ஜன்னலருகே குனிந்தார்.

“பூட்டு கத்துனதும் இம்புட்டுத் தூரம் ஓடி வந்துட்டீயளே அண்ணாச்சி, நான் அத்தனை தரம் போன் அடிச்சேன், ஒருத்தரும் எடுக்கலியே!”

இப்போது எந்த வண்டி எங்கே நிற்கிறது என்று ஆபீசில் எல்லாருக்கும் தெரியும், ஏன் நிற்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான் டிரைவர் அடிக்கும் போனை எடுக்க வேண்டியிருக்கிறது.